ஒட்டுப்பாறையில் வெள்ளோட்டம்

ஒட்டுப்பாறைப் பேரூராட்சியில் ஒரே வியாழக்கிழமை திரும்பத் திரும்ப விடிந்துகொண்டிருந்த காலத்தில், பொற்கொடி என்கிற கம்ப்யூட்டர்காரி ஒரே பெண் குழந்தையை எத்தனை தடவை பெற்றாள் என்று கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. எண்ணுவதை எல்லோரும் விட்டுவிட்டிருந்தார்கள். பெற்றவள் மட்டும் விடவில்லை, ஆனால் அவள் இப்போது யாரிடமும் பேசுவதில்லை.

ஆரம்பம் என்னவோ தண்ணீர்தான். எங்கள் பக்கம் எந்த வம்பும் தண்ணீரில்தான் ஆரம்பிக்கும். ஊருக்கு ஒரே மேல்நிலைத் தொட்டி, தெருவுக்கு ஒரு வால்வு, வால்வைத் திருப்ப மோட்டார் என்று வைத்து, மோட்டாரை எல்லாம் கம்ப்யூட்டரில் இழுத்துக் கட்டிய வெளியூர்க் கான்ட்ராக்டர் ஒருத்தர், கலர் கலராகப் படம் போட்ட ஒரு சாப்ட்வேரையும் கொடுத்துவிட்டுப் போனார். வடக்குத்தெரு படத்தைத் தொட்டால் மேலத்தெருவில் தண்ணீர் வந்தது, மேலத்தெருவைத் தொட்டால் எங்கேயும் வரவில்லை, பெண்கள் காலிக் குடத்தோடு வந்து ஆபீஸ் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தலைவர் காசிமாயன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பொற்கொடிக்கு ஆள் அனுப்பினார். அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தவள். அந்தக் கம்பெனி ஒரு சாயங்காலம் ஒரே மெயிலில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியபோது அவளையும் அனுப்பியது, வீட்டில் இருந்தவளை வீட்டுக்கு அனுப்புவது என்ன கணக்கோ. அப்போது அவளுக்கு ஐந்து மாதம். புருஷன் வீரணன் ஷேர் ஆட்டோ ஓட்டினான்.

“படம் கிடமெல்லாம் வேணாம்த்தா,” என்றார் காசிமாயன். “எழுதுனா எழுதுனது நடக்கணும். அம்புட்டுத்தான்.”

எழுதினால் எழுதினது நடக்கிற கறுப்புத் திரைக் கருவிகளை அவள் கம்பெனியில் நாள் முழுக்க ஓட்டியிருக்கிறாளே ஒழிய, சொந்தமாக ஒன்று கட்டியதில்லை. டைப்ஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் அப்படிக் கட்டுவதற்கென்றே யாரோ புண்ணியவான்கள் ஒரு சட்டகம் செய்து இன்டர்நெட்டில் சும்மா போட்டிருந்தார்கள், கூடவே முதன்முதலாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டியும். வழிகாட்டி சொன்னபடி ஒரே ஒரு வரி அடித்தாள். கடைக்கால் தோண்டித் தூண் நிறுத்தின வீடு மாதிரி கோப்புகள் தாமாக வந்து உட்கார்ந்தன. அதற்குள் ‘திற’ என்று ஒரு கட்டளை எழுதினாள், ‘மூடு’ என்று ஒன்று எழுதினாள், எந்தத் தெரு, எவ்வளவு நேரம் என்று கட்டளைக்குப் பின்னால் சொல்ல, முன்னால் இரண்டு சிறு கோடு போட்ட குறிப்புகள் வைத்தாள். நேரம் கேட்கிற இடத்தில் யாராவது தெருப் பேரை அடித்தால் ஓடுவதற்கு முன்னாலேயே சிவப்பு எழுத்தில் திட்டி நிறுத்திவிடும். ‘உதவி’ என்று கேட்டால் என்னென்ன கட்டளை உண்டு, எதை எப்படி அடிக்க வேண்டும் என்று பாடம் நடத்தும், அதை அவள் எழுதக்கூட இல்லை, அவள் எழுதியதை எல்லாம் பார்த்துச் சட்டகமே சேர்த்துக்கொண்டது. எல்லாம் தமிழிலேயே வைத்தாள். தலைவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஆபத்தான கட்டளை எதற்கும் ஒரு ஒத்திகைக் குறிப்பு வையுங்கள் என்றும் வழிகாட்டி சொல்லியிருந்தது. ஒத்திகையில் கருவி எதையும் செய்யாமல், செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லட்டும், விவரம் தெரியாதவர் கை பட்டாலும் கேடு வராதபடி, ஒன்றும் சொல்லாவிட்டால் ஒத்திகைதான் என்று வைத்துவிடுங்கள் என்றும். நல்ல புத்திமதி, யார் இல்லை என்றார்கள். புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றாமல் ஒரு தடவை வீதியில் இழுத்துப் பார்க்கிற ஊர்தானே, அந்தக் குறிப்புக்கு ‘வெள்ளோட்டம்’ என்று பேர் வைத்தாள். அதற்கு இரண்டே பதில், ஆம் அல்லது இல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் ஆம். நிஜமாக நடக்க வேண்டும் என்றால் ‘நிஜம்’ என்று தனியாக அடிக்க வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, தலைவரும் நாலு கவுன்சிலர்களும் சுற்றி நிற்க, எல்லாத் தெருவும் திற என்று அடித்து, பின்னால் ஒன்றும் போடாமல் எண்டரைத் தட்டினாள். ‘வெள்ளோட்டம்: எல்லா வால்வும் திறக்கப்படும்’ என்று திரை சொன்னது. அதோடு முடிந்திருக்க வேண்டும். வெளியே குழாய் சீறுகிற சத்தம் கேட்டது, பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது, அன்றைக்கு ஊரே குடம், அண்டா, குண்டான், பிள்ளைகளின் சாப்பாட்டுத் தூக்கு வரைக்கும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத் தூங்கியது. விழித்தபோது அதே திங்கட்கிழமை மறுபடியும் விடிந்திருந்தது. குடமெல்லாம் காலி, தொட்டி நிறைய, கிழித்த காலண்டர்த் தாள் பழைய இடத்தில், முந்தின நாள் அறுத்த ஆடு கசாப்புக்கடை வாசலில் நின்று தழை தின்றுகொண்டிருந்தது.

இதற்கு ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? ஒன்றும் செய்யவில்லை. டீக்கடையில் ஒருத்தர் “நேத்து வெள்ளோட்டம் போலருக்கு” என்றார். இன்னொருத்தர் “அப்ப இன்னைக்குத்தான் நெசமா, சரி சரி” என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டு வேலைக்குப் போனார். கசாப்புக்காரர் ஆட்டை மறுபடி அறுத்தார். ஊர்க்காரர்களுக்கு மட்டும் எல்லாம் நினைவிருந்தது, வெளியூர் ஆட்களுக்கு எதுவும் நினைவில்லை. மதுரை பஸ் டிரைவர் முதல் தடவை சொன்ன அதே ஜோக்கை அதே இடத்தில் சொல்லிவிட்டு, யாரும் ஏன் சிரிக்கவில்லை என்று கண்ணாடியில் பார்த்தார். பொற்கொடி மட்டும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தான் எழுதின வரிகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தேதியையும் ஊர் இரண்டு தடவை வாழ்ந்தது. காலையில் காசிமாயன் ஆபீஸ் மைக்கைப் பிடித்து, தொண்டையைக் கனைத்து, “பொதுமக்கள் கவனத்திற்கு, இன்று வெள்ளோட்டம்” என்பார். அடுத்த விடியலில் பொற்கொடி ‘நிஜம்’ என்று சேர்த்துத் தட்ட, “பொதுமக்கள் கவனத்திற்கு, இன்று நிஜம்” என்பார். வெள்ளோட்டத்தில் பெண் பார்க்கப் போனார்கள், பிடித்திருந்தால் நிஜத்திலும் போனார்கள். வெள்ளோட்டத்தில் மாமியாரிடம் மருமகள் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டினாள், கோபக்காரர்கள் பக்கத்து வீட்டு வேலியைப் பிடுங்கி எறிந்தார்கள், ஒருத்தன் சொந்த வைக்கோல்போரையே கொளுத்திவிட்டு எப்படி எரிகிறது பார் என்று கைகட்டி நின்றான், விடிந்தால் போர் இருந்த இடத்தில் இருந்தது. பிள்ளைகள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிக் கீழே குதிக்கப் பழகினார்கள். முதல் தடவை அப்படி விழுந்து செத்தவனைக் கட்டிக்கொண்டு தெருவே மாரடித்து அழுதது. அவன் காலையில் எழுந்து பல் விளக்கினான். அடுத்த வாரம் தொட்டிக்கடியில் கூட்டம் நின்று விசில் அடித்தது. குதிப்பதில் மன்னன் என்று பேர் வாங்கினவன் ஜோயல், ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்தரின் மகன், காலேஜ் போகிறவன்.

நடந்தது எல்லாம் அழியும், சொன்ன சொல் மட்டும் அழியாது என்பது ஊருக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. “வெள்ளோட்டத்துல சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்கிறாதீங்க” என்று புருஷனிடம் பெண்டாட்டியும் பெண்டாட்டியிடம் புருஷனும் சொல்லிக்கொண்டார்கள், வைத்துக்கொண்டார்கள். பொற்கொடிக்கு அந்தக் குறிப்பையே எடுத்துவிட வேண்டும் போல இருந்தது. தலைவரிடம் சொன்னாள். “ஊரே சந்தோசமா இருக்கு, ஒனக்கு மட்டும் என்னத்தா கடுப்பு?” என்றார் அவர்.

இப்படி இருக்கையில்தான் அந்த வியாழக்கிழமை வந்தது. அதன் வெள்ளோட்டத்தில் மத்தியானம் பொற்கொடிக்கு இடுப்பு வலி கண்டது, வீரணன் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், பொழுது சாயும் நேரத்துக்கு எஸ்தர் சிஸ்டர் கையில் பெண் குழந்தை பிறந்தது, காது இரண்டும் வீரணன் காது. அதே பொழுது சாயும் நேரத்துக்குக் காசிமாயன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவருடைய மனைவி ஒச்சம்மாள் அழுத அழுகை ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டது. பொற்கொடி குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு, விடியக்கூடாது விடியக்கூடாது என்று சொல்லிக்கொண்டே கண் அயர்ந்தாள். விடிந்தது. குழந்தை வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருந்தது, காசிமாயன் ஆபீஸில் வந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்து நிஜம் என்றுதான் முறை. அவர் மைக்கைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னொரு வெள்ளோட்டம் பாத்துருவோம்,” என்றார்.

அன்றும் செத்தார். ஆபீஸுக்கு வராமல் வீட்டில் படுத்துப் பார்த்தார், கட்டிலில் செத்தார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்துப் பார்த்தார், அங்கே வயர் எல்லாம் மாட்டியிருக்கும்போதே செத்தார், விடிந்தால் ஒட்டுப்பாறையில் எழுந்தார். குலசாமிக்கு நேர்ந்துகொண்டார், குலசாமி கோயில் வாசலில் செத்தார். ஒவ்வொரு காலையும் மைக்கில் இன்று வெள்ளோட்டம் என்றார், அந்தக் குரலில் இருந்த கரகரப்பு போய் நடுக்கம் வந்தது, அப்புறம் நடுக்கமும் பழகிப்போய் வெறும் சத்தம் வந்தது. பொற்கொடி எண்டரைத் தட்டுகிறாளா என்று பின்னாலேயே நின்று திரையைப் பார்ப்பார். ஒரு நாள் அவள் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். அவருடைய மச்சினர் வந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டுபோய்த் தட்டினார். யாரும் சொல்லிக்கொடுக்கக்கூட வேண்டியதில்லை, உதவி என்று கேட்டால் அதுவே சொல்லித்தரும்படி அவள்தானே கட்டியிருந்தாள்.

ஊருக்கு இது பிடித்துத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமைப் பரீட்சை வரவே இல்லை. தொட்டித் தண்ணீர் வற்றவே இல்லை. தலைவர் சாவுக்கு முதலில் பந்தல் போட்டார்கள், மேளம் வந்தது, மாலை வந்தது. பிறகு பந்தல் நின்றது, மேளக்காரர்கள் கைவலி என்றார்கள், கடைசியில் ஒச்சம்மாள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பாள். அவள் நல்லவள். பொற்கொடிக்கு வாய்க்குப் பிடித்ததெல்லாம் சமைத்துக் கொடுத்தனுப்பினவள். ஒரு காலை அவள் பொற்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அவரு இருக்கட்டும்த்தா. ஒன் வயித்துல அது பத்திரமாத்தானே இருக்கு. எம் மனுசன் எங்கத்தா பத்திரமா இருப்பாரு?” என்றாள்.

ஆனாலும் பொற்கொடி தலைவரிடம் கேட்டுப் பார்த்தாள். “ஐயா, எனக்கு ஒரே ஒரு நாள் நெசம் வேணும்.”

காசிமாயன் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. “நீ தெனமும் பெக்குற. நான் தெனமும் சாகுறேன். யாரு கஷ்டம் பெருசு, சொல்லு.”

“பெத்தத வச்சுக்க முடியலையேய்யா. மார்ல போட்டுப் பால் குடுக்குறேன், விடிஞ்சா மடி காலியாக் கெடக்கு.”

“செத்துப் பாத்தாத் தெரியும்த்தா,” என்று மெதுவாகச் சொன்னார். “ஒவ்வொரு தடவையும் இதுதான் நெசமோன்னு இருக்கும். மொதத் தடவை மாதிரியேதான் இருக்கும். தட்டுத்தா, நேரமாகுது.” அவர் சொன்னது பொய்யில்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. தட்டினாள்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை, பிரசவ அறையில் எஸ்தர் சிஸ்டர் போனில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை குழந்தையை எடுத்தபோது வியர்த்து வழிய ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொன்னவர்தான். எத்தனை தடவைதான் ஒருத்தர் வியர்ப்பது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனித்தபோது குழந்தை நீலமாக இருந்தது. பொற்கொடி கத்தின கத்தலில் வீரணன் கதவை உடைத்துக்கொண்டு வந்தான். எஸ்தர் குழந்தையை ஒரு துணியில் வைத்து மேசையின் ஓரத்தில் கிடத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, “விடும்மா. விடிஞ்சா வயித்துலதான் இருக்கப்போகுது. நாளைக்குப் பொறக்கும்,” என்றார்.

விடிந்தபோது வயிற்றில்தான் இருந்தது, உதைத்தது. ஆனால் இரவெல்லாம் எடுத்து வைத்திருந்த அந்த நீலக் குழந்தையின் குளிர்ச்சி பொற்கொடியின் கையில் அப்படியே இருந்தது. அது அடுப்படியில் கொதிக்கிற தண்ணீரில் கையை விட்டாலும் போகாது என்று அவளுக்குத் தோன்றியது. இனி ஒரு தடவை கூட முடியாது. வீரணன் எழுவதற்கு முன்னால் அடுப்படித் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். வெள்ளோட்டம், ஒன்றும் சொல்லாவிட்டால் ஆம் என்று இருந்த வரியில் ஆம் என்பதை எடுத்துவிட்டு இல்லை என்று போட்டாள். திரையில் வருகிற வாசகத்தை மட்டும் தொடவில்லை, அது பழையபடி வெள்ளோட்டம் என்றே சொல்லட்டும். சட்டகம் ஒரு தடவை சரிபார்த்தது. எண்ணுக்கு எண், எழுத்துக்கு எழுத்து, ஆம் இல்லைக்கு ஆம் இல்லை, எல்லாம் வகைப்படி சரி, சிவப்பு ஒன்றும் வரவில்லை. ஊருக்குத் தெரியுமா என்று கேட்கிற வேலை அதற்கு இல்லை.

ஆபீஸில் காசிமாயன் பின்னால் நின்றார். அவள் தட்டினாள், திரை வெள்ளோட்டம் என்றது, குழாய்கள் சீறின. தட்டி முடித்ததும் மைக்கை வாங்கி ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள், சத்தியமாக நினைத்திருந்தாள். அதற்குள் அவர் மைக்கை எடுத்து, “பொதுமக்கள் கவனத்திற்கு, இன்று வெள்ளோட்டம்” என்று சொல்லி முடித்துவிட்டார். இப்போது வாயைத் திறந்தால் மச்சினர் லேப்டாப்பைப் பிடுங்கி மறுபடி மாற்றித் தட்டுவார், அது பலித்துவிட்டால் என்ன செய்வது. குழந்தை கைக்கு வரட்டும், வந்த உடனே சொல்லிவிடலாம். அதுவரைக்கும் யார் என்ன செய்துவிடப் போகிறார்கள், எல்லோருக்கும்தான் எல்லாம் சலித்துவிட்டதே. இப்படித்தான் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மனுஷர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிற பொய்க்குச் சிவப்பு எழுத்து கிடையாது.

மத்தியானம் வலி கண்டது. ஆட்டோ தேரடி தாண்டும்போது பின்னாலிருந்து வீரணன் தோளைப் பிடித்து, “என்னங்க. மெதுவாப் போங்க. இன்னைக்கு நெசம்” என்றாள்.

அவன் பிரேக்கை அழுத்தினான். ஆட்டோ நடுரோட்டில் நின்றது. “யாருகிட்டயாவது சொன்னியா?”

“இல்ல.”

அவன் ரோட்டைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். மேலத்தெருவில் எவனோ யார் வீட்டையோ கொளுத்தியிருந்தான், புகை எழுந்தது, யாரும் ஓடவில்லை. ஒருத்தி தாலியைக் கழற்றிப் புருஷன் முகத்தில் எறிந்துவிட்டு நடந்து போனாள், அவன் சிரித்துக்கொண்டு நின்றான். குழாய்களை யாரும் மூடவில்லை, தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது, பிள்ளைகள் அதில் புரண்டு விளையாடினார்கள். தொட்டி ஏணியில் ஒருத்தர் பின் ஒருத்தராக ஏறிக்கொண்டிருந்தார்கள், கீழே விசில் சத்தம். வீரணன் ஒரு காலை ரோட்டில் ஊன்றினான், இறங்கப் போகிறவன் மாதிரி. வலி வந்து அவளை இரண்டாக மடக்கியது. “போங்க,” என்றாள். “போங்க, கொழந்தைய நெனைங்க.” அவன் காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, ஒரு மேடு பள்ளத்தில்கூட விடாமல், வாழ்க்கையிலேயே ஓட்டாத அத்தனை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.

எஸ்தர் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தார். “என்ன, வந்துட்டியா, படு.”

“சிஸ்டர், இன்னைக்கு நெசம்.”

“ஆமாமா, தெனமும் ஒருத்தி இதச் சொல்றா.” சிரித்துக்கொண்டே கையுறையை இழுத்தவர் பொற்கொடியின் முகத்தைப் பார்த்தார். வீரணனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எஸ்தரின் கை நின்றது. “ஐயோ,” என்றார். “ஜோயலு.”

கதவுவரைக்கும் போனார். தொட்டி இருக்கிற இடம் ஊருக்கு அந்தக் கோடி. பொற்கொடி அலறினாள். எஸ்தர் கதவைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார், தலை வந்துவிட்டது என்பது நின்ற இடத்திலிருந்தே அவருக்குத் தெரிந்தது. “ஓடு,” என்று வீரணனைப் பிடித்துத் தள்ளினார், “ஓடிப்போய் எம் புள்ளையக் கீழ எறக்கு,” என்று கத்திவிட்டு உள்ளே வந்தார். வந்து கையை முழங்கைவரை மறுபடி கழுவினார். வாய் ஜெபம் சொன்னது, கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக விழுந்தது, ஆனாலும் கழுத்தைச் சுற்றியிருந்த கொடியை விரலை விட்டு மெல்லத் தளர்த்தி, தலைக்கு மேலாகக் கழற்றி, குழந்தையை எடுத்தார். குழந்தை அழுதது. துடைத்து, சுற்றி, தாயின் மார்பில் வைத்து, எல்லாம் முறையாக முடித்துவிட்டுத்தான் எஸ்தர் ஓடினார். செருப்பு ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தது.

வீரணன் பொழுது சாய்ந்தபின் தனியாக வந்தான். தாயையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். வழியில் பேரூராட்சி ஆபீஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, உள்ளே ஒச்சம்மாள், காசிமாயன் சரிந்து கிடந்த நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, விடிவதற்காகக் காத்துக்கொண்டு, விசிறிக்கொண்டிருந்தாள். வீரணன் ஆட்டோவை நிறுத்தவில்லை. பொற்கொடியும் நிறுத்தச் சொல்லவில்லை, மைக்கைப் பற்றி நினைக்கவும் இல்லை. குழந்தை கைக்கு வந்துவிட்டது, அப்புறம் அவளால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. குழந்தை மடியில் இருந்தது. பொற்கொடி அதன் விரலை எண்ணினாள், காதைத் தொட்டாள், உச்சந்தலையை மோந்து பார்த்தாள், சத்தம் வராமல் சிரித்தாள். தான் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் அவள் பட்டதில்லை. அப்போது வெளியே கதவுகள் திறக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு வீடு, அடுத்த வீடு, எதிர்வீடு. மோட்டார் போட்டுப் பார்த்துத் தண்ணீர் இல்லை என்று ஒருத்தர் சொன்னார். யாரோ யாரையோ எழுப்பினார்கள், முதலில் செல்லமாக, அப்புறம் உரக்க, அப்புறம் அலறலாக. எரிந்த வீட்டுப் பக்கமிருந்து, தொட்டிப் பக்கமிருந்து, ஆபீஸ் பக்கமிருந்து என்று அந்த அலறல் தெருத்தெருவாகத் தாண்டி வந்து, கடைசியில் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. வீரணன் எழுந்து தாழ்ப்பாளைப் போட்டு, முதுகைக் கதவில் கொடுத்து நின்றான்.

“திருப்பிப் போடு!” என்று ஒரு குரல். “நீ எழுதுனதுதானேடி, திருப்பி எழுது!” என்று இன்னொன்று. கல் ஒன்று ஓட்டில் விழுந்து உருண்டது. அப்புறம் யாரோ எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தார்கள், கூட்டம் வழிவிட்டு அமைதியானது.

“பொற்கொடி.” எஸ்தர் சிஸ்டரின் குரல், கதவுக்கு வெகு பக்கத்தில். “நாந்தாம்மா. கதவத் தொறக்க வேணாம், கேளு போதும். எம் புள்ளையக் கொண்டுவந்து வீட்டுல போட்டுருக்காங்க. விடிஞ்சா எந்திரிச்சிருவான்னு ஊரே சொல்லுச்சு, எனக்குத்தான் தெரியுமே. ஒரே ஒரு நாள் பின்னாடி போனாப் போதும்மா. ஒனக்குத் தெரியாததா. ஒன் புள்ளைய மறுபடியும் நானே எடுத்துத் தர்றேன். கொடி சுத்தியிருந்தாலும் விடமாட்டேன். கர்த்தர் மேல சத்தியம், போனைக் கையால தொடக்கூட மாட்டேன்.”

வீரணன் மூலையில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். “முடியுமா?” என்று உதடு மட்டும் அசையக் கேட்டான்.

புதுக் கட்டளை ஒன்றைச் சேர்ப்பது எப்படி என்று வழிகாட்டியில் இருந்தது, ஒரு வரி அடித்தால் கோப்பு தானாக வந்து உட்காரும், பேர் வைத்தால் போதும். அது பலிக்குமா என்று அவளுக்குத் தெரியாது. முதல் தடவையும்தான் தெரியாது. எஸ்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. குழந்தை முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி மார்பைத் தேடியது.

“முடியாது,” என்றாள் பொற்கொடி, வெளியே கேட்கும்படி.

எஸ்தர் வாசற்படியில் உட்காருகிற சத்தம் கேட்டது. குழந்தைக்கு மார்பு சரியாகப் பிடிபடவில்லை, சிணுங்கியது, பிறகு வீறிட்டு அழத் தொடங்கியது. அப்புறம், பழக்கத்தில் வருகிற மாதிரி, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து எஸ்தரின் குரல் வந்தது.

“பசிக்குது அதுக்கு. தலையக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக் குடும்மா.”

பொற்கொடி தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தாள்.